மீன் இல்லாத மீன் தொட்டி

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியின் முன் குனிந்து, இடது மூலையிலிருந்து வலது மூலைவரை ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, நிமிர்ந்து, எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மீன் எங்க?" மீன் கிடையாது, இது கடற்பாசிக்கான தொட்டி என்று சொன்னால், முகத்தில் துக்கம் விசாரிக்கிற பாவம் வந்துவிடும். மீனெல்லாம் செத்துவிட்டது, சொல்ல வெட்கப்படுகிறான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மை. செத்தது உண்டு, மீன் அல்ல, அவ்வளவுதான்.

மீனைக் கொன்றவன் என்றால்கூட ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. பாசியைக் கொன்றவனுக்கு என்ன இருக்கிறது? கிணற்றுச் சுவரிலும் குளத்துப் படியிலும் யாரும் கேட்காமல் தானாக வந்து உட்காருகிற சாதனம் அது. அதன் கடல்வழிச் சொந்தங்களை இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில், கரண்டும் காசும் செலவழித்து வளர்க்கப் பார்த்துத் தோற்றவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம், எனக்கு எல்லாமே ஓசியில் கிடைத்ததுதான். நாகர்கோவிலிலிருந்து தெற்கே எந்தச் சாலையில் வண்டியை விட்டாலும் அரைமணி நேரத்துக்குள் கடல். பெங்களூரிலும் டெல்லியிலும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் உப்புப் பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, கருவியில் ஒரு சொட்டு விட்டு அளந்து, வாளி வாளியாகக் கடல் தயாரிக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. எனக்குக் கடல் சும்மா கிடைக்கும். வெயில், மணல் எல்லாம் சும்மா. பாசியோ அலை ஒதுக்கிவிட்டுப் போகிற குப்பை. தொட்டிக்கு மட்டும்தான் செலவு என்று கணக்குப் போட்டேன்.

முதல் ஆசை பவளத்தின் மேல்தான். விசாரித்துப் பார்த்ததில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில், 2001இல் கல்பவளங்களையும் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கடற்குதிரையையும் அப்போதே சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பவளக்கல்லை எடுத்து ஹாலில் வைத்தால் புலிக்குட்டி வளர்த்த கேஸ்தான். பாசி எந்த அட்டவணையிலும் இல்லை. ஆக, என் பாசிக் காதல் போலீசுக்குப் பயந்து உண்டான காதல்.

முதல் தண்ணீரை மணக்குடியில் எடுத்தேன். அங்கே வண்டியைத் தண்ணீர் ஓரம்வரை கொண்டுபோகலாம். கேனைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டாம். பழையாறு எங்கள் ஊர் கழுவிவிட்டதையெல்லாம் சுமந்துகொண்டு கடலில் சேருகிற பொழி அது. ஐப்பசி மழை வேறு பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு துளியை நாக்கில் விட்டுப் பார்த்தேன், கரித்தது. பரிசோதனை முடிந்தது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்க வேண்டிய இடத்தில் 15 கிராம் இருந்தாலும் நாக்கு அதையும் துப்பத்தான் செய்யும் என்ற அறிவு அப்போது எனக்கு இல்லை. கடலுப்பிலேயே பிறந்து வளர்ந்த பாசி, பாதி ஆறும் பாதி கடலுமான அந்தத் தண்ணீரில் வாரம் முடிவதற்குள் சளியாகிக் கரைந்தது. அப்புறம்தான் சொத்தவிளைக்குப் போய், கேனைத் தோளில் வைத்து, மணலில் நடந்தேன்.

மணலுக்கு மணவாளக்குறிச்சி. அங்கே கரையில் கறுப்பும் சிவப்பும் வரிவரியாக ஓடும். இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் என்று அலை சலித்துப் போட்டிருக்கும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து உலகம் இந்தக் கரையைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. தோரியம் உள்ள மணல், மத்திய அரசு ஆலை வைத்துப் பிரிக்கிற மணல். அதை நான் ஒரு மஞ்சள் பையில் அள்ளி வந்து, பச்சைப் பாசிக்குக் கறுப்புப் பின்னணி எடுப்பாக இருக்கும் என்று தொட்டியில் பரப்பினேன். எடுப்பாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைக்கக் காந்தத் துடைப்பான் ஒன்று உண்டு. ஒரு காந்தம் உள்ளே, ஒன்று வெளியே. வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பது கூடவே வந்து அழுக்கைத் துடைக்கும். இல்மனைட் காந்தத்துக்கு இழுபடுகிற கனிமம் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். துடைப்பான் மணலை ஒட்டிக்கொண்டு கண்ணாடியின் மேல் உப்புத்தாள் வேலை பார்த்தது. தொட்டியின் முன்பக்கத்தில் இன்றும் வில் வில்லாகக் கீறல் இருக்கிறது. மணலை அதே மஞ்சள் பையில் கட்டி அதே கரைக்குக் கொண்டுபோனேன். அள்ளும்போது ஒருவரும் பார்க்கவில்லை. கொட்டும்போது ஒரு பெரியவர் ஓடிவந்து, "என்னத்தவேய் இங்க கொண்டு தட்டுதீரு? கடக்கர என்ன குப்பமேடா?" என்று சத்தம் போட்டார். மணல் என்றேன். மணலைக் கடற்கரையில் கொட்ட வந்தவனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது; அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

தொட்டியை வைத்தது மேற்கு ஜன்னல் ஓரத்தில். பங்குனி பிறந்ததும் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணாடிக்குள் இறங்கியது, பார்க்கப் பரவசம். கடலும்தான் நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடலுக்கு ஆழம் இருக்கிறது, எனக்கு 70 லிட்டர்தான் இருக்கிறது என்ற வித்தியாசம் வெப்பமானி 34 டிகிரி காட்டியபோது தெரிந்தது. மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வைத்தேன். சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. விசிறியடித்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைக்கு உள்ள அதே ரகசியம். தண்ணீர் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குறைந்தது. குறைந்ததை நான் விடாமல் நிரப்பினேன், சொத்தவிளைக் கடல் தண்ணீரால்.

இதைக் கண்டுபிடித்தவர் என் அத்தான். புத்தளம் உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கண்ணாடி விளிம்பில் பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து வந்து மிதக்கவிட்டார். கடல் தண்ணீர் போமே அளவில் மூன்றரை டிகிரி. என் தொட்டி ஐந்தைத் தாண்டி நின்றது.

"மாப்பிள, நீரு தொட்டி வைக்கல்ல. பாத்தி கெட்டியிருக்கீரு."

கணக்கையும் அவரே போட்டார். 70 லிட்டரில் 2,450 கிராம் உப்பு. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு ஓர் அணுவும் போவதில்லை. தினம் ஒரு லிட்டர் கடல் ஊற்றினால் தினம் 35 கிராம் உப்பு கூடும். ஒரு மாதத்தில் லிட்டருக்கு 35 கிராம் என்பது 50 ஆகிவிடும். இப்படியே விட்டால் 25 டிகிரியில் வாரி எடுக்கலாம், அடுத்த வெயிலுக்குள் வீட்டுச் செலவுக்கு உப்பு தேறும் என்றார். குறைகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு வரி. அதைப் படிக்கவும் செய்திருந்தேன். கடலில் உயிர்வாழ்கிற ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்ற எனக்குத்தான் மனம் வரவில்லை.

அப்படியானால் கல்லுப்பைக் கரைத்தே கடல் செய்துவிடலாமே, இவ்வளவு தூரம் கேன் சுமப்பானேன் என்று அவரிடமே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் வேறு இடத்தில் படிந்துவிடும்; உப்பை வாரியபின் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரோடு மக்னீசியம் போய்விடும். கல்லுப்பு என்பது கடலிலிருந்து கடலைக் கழித்துவிட்டு மிஞ்சியது. அதைக் கரைத்தால் ஊறுகாய்க்கு ஆகும்.

இனிப் பாசிக்கு வருகிறேன். முட்டம் பாறைகளில் அலை விலகும்போது தெரிகிற பழுப்புப் பாசியைப் பார்த்தவர்களுக்கு என் பேராசை புரியும். சர்காசம். மண்டபம் பக்கத்தில் கட்டக்கோரை என்பார்கள். மிளகு மிளகாகக் காற்றுப்பை வைத்துக்கொண்டு, அலைக்கு அலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். பாறையிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்தேன். பிடி விடவில்லை, இரண்டு கையாலும் இழுத்தேன், வந்தது, கூடவே நானும் வந்து நீரில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பாறையில் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தவர் மேலே ஏறி வந்து, கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்? மருந்துக்கா?" என்றார். வளர்க்க என்றேன். "ஆடாம கெடந்தா அழுவிரும்லா" என்று சொல்லிவிட்டு மறுபடி முங்கிப் போனார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தொட்டித் தண்ணீர் பிடித்தது. சர்காசம் வாழ்வது அலை மோதுகிற பகுதியில். ஓயாத அலைதான் அதன் மேல் புதுத் தண்ணீரையும் சத்தையும் கொண்டுவந்து தேய்க்கிறது. கழிவை எடுத்துப் போகிறது. நிற்கிற தண்ணீரில் அதன் உடலைச் சுற்றி ஒரு மெல்லிய தேங்கல் படிந்துவிடும். அதற்குள்ளேயே அது மூச்சுமுட்டிப் போகும். என் தொட்டியில் அது கறுத்து, கொழகொழத்து, அழுகின முட்டை வாடையைக் கிளப்பியது. பாரதிராஜா 1981இல் அதே முட்டத்தில் எடுத்த படத்துக்கு 'அலைகள் ஓய்வதில்லை' என்று பெயரே வைத்திருந்தார். அதைப் பலமுறை பார்த்தவன் நான்.

இந்த இடத்தில் எனக்கு ஆறுதல் தந்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, அன்னா தின். 1846இல் டார்க்கீ கடற்கரையில் கண்ட பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோனவர். கடல் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க அவர் கண்ட வழி: வீட்டு வேலைக்காரப் பெண் தினமும் அரைமணி முக்கால்மணி நேரம், திறந்த ஜன்னல் முன்னால் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஆற்ற வேண்டும். அதற்கப்புறம் கடற்பாசியை உள்ளே வைத்தபோது உயிர்க்காற்றைப் பாசி பார்த்துக்கொண்டது. உலகத்தில் நிலைத்து நின்ற முதல் கடல் தொட்டிகளில் ஒன்று அது என்கிறார்கள். பெயர் நிலைத்தது அந்த அம்மாளுக்கு. கை வலித்தவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த வரலாற்றை நயமாக என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சொல்லி முடிச்சாச்சா?" என்றாள். மறுநாள் அலை கிளப்புகிற மோட்டார் ஒன்று ஆர்டர் போட்டேன்.

மோட்டார் வந்தது. அலை வந்தது. பாறைக்குழிகளில் ஓரளவு அமைதியான தண்ணீரில் வளர்கிற பாசிகளை மட்டும் எடுக்கலாம் என்ற புத்தியும் வந்தது. சிவப்பில் கிராசிலேரியா, பச்சையில் காலெர்பா. கிராசிலேரியாவைக் கண்டு கோட்டாற்று நண்பர் ஒருவர் மட்டும் மீனைக் கேட்கவில்லை. "இதுதானா நோம்பு தொறக்கச் செய்யுத கடல்பாசி?" என்று கேட்டார். நோன்புக் காலத்தில் பால் சேர்த்துக் கட்டியாக்கித் துண்டு போடுகிற அகர் இந்த வகைப் பாசிகளிலிருந்து எடுப்பதுதான் என்றேன். இந்தத் தொட்டியில் எத்தனை பேருக்குத் தேறும் என்றார். அரைக் கரண்டி என்றேன்.

அதுவும் தேறவில்லை. பாசிக் கொத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கடல் முயல் ஒளிந்து வந்திருக்கிறது. வெளியே ஓடு தெரியாத நத்தை இனம். தலையில் காது மாதிரி இரண்டு நீட்டல். முதலில் அதைக் கண்டு மகிழ்ந்து படமெடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினேன். கடைசியில் தொட்டியில் ஓர் உயிர் இருக்கிறது, காட்டலாம். அது இரவில் தின்று பகலில் தூங்கியது. கிராசிலேரியா குச்சியாகி, குச்சி காம்பாகி, முயல் கட்டைவிரலைத் தாண்டியது. பிடித்து வாளியில் விடப்போனபோது தண்ணீரெல்லாம் ஊதா மையைப் பீய்ச்சியது. அந்த ஊதாவையும் அது சொந்தமாகச் செய்வதில்லை. தின்ற சிவப்புப் பாசியின் நிறமியிலிருந்துதான் எடுக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பாறைக்குழியில் விட்டுவிட்டு வந்தேன்.

விளக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் வயிறு எரிகிறது. ஜன்னல் வெயில் சரிப்படாது என்றதும் நீல விளக்கு ஒன்றை விலை கொடுத்து வாங்கினேன். அது பவளம் வைத்திருப்பவர்களுக்கானது. பாசிக்கு, எலக்ட்ரிகல் கடையில் 'கூல் டேலைட்' என்று அட்டையில் போட்டு விற்கிற சாதாரண 6500 கெல்வின் எல்இடி போதும். இன்று தொட்டிக்கு மேல் தொங்குவது அதுதான். நீல விளக்கு பரணில் இருக்கிறது.

இவ்வளவும் கடந்து, உப்பு சரி, சூடு சரி, அலை சரி, வெளிச்சம் சரி என்று எல்லாம் நின்ற பிறகும் பாசி வெளுக்க ஆரம்பித்தது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வைக்கோலாகியது. கடல் தொட்டி பற்றி நான் கேட்ட அறிவுரை எல்லாம் ஒரே பாட்டு: நைட்ரேட் எதிரி, பாஸ்பேட் எதிரி, தண்ணீரைச் சுத்தமாக வை. வைத்திருந்தேன். நுரை தள்ளி அழுக்கு பிரிக்கிற கருவி ஒன்று, பாஸ்பேட்டை உறிஞ்சுகிற துகள் ஒரு பை. தண்ணீர் கண்ணாடி. அப்பா ஒருநாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியின் முன் நின்றார். சுசீந்திரம் பக்கத்தில் கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைவித்தவர். கோரையையும் குதிரைவாலியையும் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு வளைந்தவர். அவர் மகன் களையைக் காசு கொடுத்து வளர்ப்பதை அதுவரை கண்டும் காணாமல்தான் இருந்தார்.

"வெளுத்துல்லா கெடக்கு. ஒரம் என்ன போட்டே?"

"இதுக்கு உரம் போடப்பிடாதுப்பா."

"போடாம எப்பிடிலே வெளையும்? ஒண்ணு தண்ணியில இருக்கணும், இல்ல நீ போடணும்."

சிரித்தேன். அறிவியல் தெரியாத தலைமுறை என்று ஒரு பெருந்தன்மையான சிரிப்பு. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் கூசுகிறது. சுத்தமான தண்ணீர் என்கிற அறிவுரை பவளம் வளர்ப்பவனுக்கானது. அங்கே பாசிதான் எதிரி. அதைப் பட்டினி போட்டுக் கொல்லத்தான் அந்தக் கருவியும் துகளும். நான் பாசியை வளர்க்க ஆசைப்பட்டு, பாசியைக் கொல்லும் ஏற்பாட்டை முறையாகச் செய்து முடித்திருந்தேன். அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் உலகக் கடல்களின் பாசிகளையும் கடல்புற்களையும் அலசிச் சொன்ன கணக்கு உண்டு: கரி 550 பங்கென்றால் நைட்ரஜன் 30, பாஸ்பரஸ் 1. மிதக்கும் நுண்ணுயிர்களோடு ஒப்பிட்டால் குறைந்த சாப்பாடு. குறைந்ததுதான், பூஜ்யம் அல்ல. தழைச்சத்து, மணிச்சத்து, துளி இரும்பு. வெள்ளாமை தெரிந்தவர் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டதைத்தான் அவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா சொன்னது சரி என்று தெரிந்ததும் என் புத்தி நேராக அவர் மூட்டைக்குப் போனது. பின்கட்டில் டிஏபி இருந்தது. நைட்ரஜன் 18, பாஸ்பேட் 46 என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி. அதிலேயே 0.9 கிராம் நைட்ரஜன். 70 லிட்டரில் லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம். கடல் மேற்பரப்பில் அமோனியம் இதன் நூறில் ஒரு பங்கைத் தொடுவதே அபூர்வம். கடல் தண்ணீர் காரத்தன்மை உடையது. அதில் அமோனியத்தின் ஒரு பகுதி விஷ அமோனியாவாகிவிடும். பாறையோடு வந்திருந்த குட்டி நத்தைகள் அன்றிரவே கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஏறி வரிசையாக நின்றன, வெள்ளத்தில் கூரைமேல் ஏறினவர்கள் மாதிரி. எழுந்து பார்த்துவிட்டு, பாதித் தண்ணீரை வெளியே ஊற்றி, விடியுமுன் சொத்தவிளைக்கு வண்டியை எடுத்தேன். நத்தைகள் சில பிழைத்தன. உரத்தை ருசித்து வளர்ந்தது நான் விரும்பின பாசி அல்ல. மயிர்ப்பாசி, எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு. அதைச் சாமணத்தால் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்தார். "களை எடுக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். களைக்குள் களை எடுப்பதை அவர் கொஞ்ச நேரம் நின்று ரசித்தார்.

மருந்துக்கடையில் வாங்கின சிரிஞ்சால் துளித் துளியாகச் சத்துவிடப் பழகின பிறகுதான் காலெர்பா கிளம்பியது. தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொடி ஓடி, குலை குலையாகப் பச்சைமணி வைத்தது. என் வாழ்க்கையில் நான் வளர்த்து உருப்பட்ட முதல் தாவரம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது சரியாகத் தாவரமும் அல்ல என்றாலும். அந்தத் தண்டு, இலை, வேர் அத்தனையும் சேர்ந்து ஒரே உயிரணு. நடுவில் சுவர் கிடையாது. எண்ணற்ற உட்கருக்கள் ஒரே சாற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடிக்கடி நறுக்கிவிட வேண்டும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு மனம் வரவில்லை. சித்திரை விசுவுக்கு உறவெல்லாம் வருகிறது, காடு மாதிரி நிற்கட்டும், ஒருவராவது மீனைக் கேட்காமல் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

விசு அன்று காலை கனி பார்க்க எழுந்தவர்கள் தொட்டியையும் பார்த்தார்கள். தண்ணீர் மோராகியிருந்தது. அதற்குள் கண்ணாடித்தாள் போலத் தோல் மட்டும் தொங்கியது. நறுக்காமல் விட்ட காலெர்பா தன் உடம்பின் சாறு முழுவதையும் இனப்பெருக்க அணுக்களாக மாற்றி ஒரே மூச்சில் வெளியே விட்டுவிடும், மிஞ்சுவது கூடு. கென்னத் கிளிஃப்டன் பனாமாக் கடலில் இதைக் கவனித்து 1997இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். விடியலை ஒட்டித்தான் நடக்கும் என்கிறார். என் தொட்டியும் நேரத்தை மதித்தது. பெரியத்தை ஒருத்தி, "பாலு கொட்டிருச்சா மக்களே?" என்று கேட்டாள். ஆமாம் அத்தை என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அந்தத் தண்ணீரை ஓடையில் ஊற்றப் போனவன் வாசலில் நின்றேன். இதன் உறவான காலெர்பா டாக்சிஃபோலியா 1984இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மூடியது. தொட்டியிலிருந்து தப்பியது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அதே இனம் தலைகாட்டியபோது, அவர்கள் தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் விட்டு, 2006இல்தான் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு. என்னுடையது இந்தக் கரையிலேயே எடுத்தது, பெரிய ஆபத்தில்லை. இருந்தாலும் மொட்டைமாடியில் ஊற்றி வெயிலில் காயவிட்டேன். என் கையில் அழியாத ஒரே பாசி ஊரை அழித்தது என்று பெயர் வர வேண்டாம்.

பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமியைப் பற்றி அப்போதுதான் படித்தேன். சிறு வயதிலிருந்து கடலில் முங்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்தியவர். பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகப் பேசி 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி விருதைப் பெற்றவர். பாசியை நம்பி வயிறு கழுவுகிற அந்தப் பெண்களிடம் என் தொட்டியைக் காட்டுகிற மாதிரி ஒரு கனவுகூட எனக்கு வந்தது. கனவிலும் அவர்கள் மீனைத்தான் கேட்டார்கள்.

இப்போது தொட்டியில் இருப்பது அத்தான் கொண்டுவந்தது. உப்பளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் பச்சை நூல்கண்டாகச் சுருண்டு வளர்கிற பாசி. மழையில் உப்பு குறையும், கோடையில் கூடும். அது இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். அங்கே அதை அரித்து வரப்பில் தூக்கி எறிவார்களாம். வாளியில் போட்டுக்கொண்டு வந்து, "இதயும் கொன்னுட்டேருன்னா வேற சோலி பாரும்" என்று தந்தார். அதைக் கொல்ல எனக்குத் தெரியவில்லை. மளமளவென்று வளர்கிறது. மோட்டாரை அடைக்கிறது. பதினைந்து நாளைக்கொருமுறை பாதியை அறுத்து எடுத்தால்தான் உள்ளே வெளிச்சம் போகும்.

அறுத்ததைக் குப்பைக்குக் கொண்டுபோனபோது அப்பா வாளியை வாங்கிக்கொண்டார். தென்னைக்கு உப்பு போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. இதில் உப்பும் இருக்கிறது, தழையும் இருக்கிறது என்று கிணற்றடித் தென்னையின் தூரைச் சுற்றிக் கொத்திப் புதைத்தார். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"அடுத்த அறுப்பு எப்பம்லே?"